தொண்ணூற்றைந்து என்று சொன்னாய்

வில்லியனூர்
24 மே 2024

விஜயராணி அக்காவுக்கு,

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய், கேட்க வேண்டியது கேட்காமலே போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுத்தில் பதில் சொல்.

திங்கட்கிழமை அம்மாவின் மூன்றாம் வருட நினைவு நாள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, இலை போடும் நேரத்தில் நான் மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக நீ எல்லோரிடமும் குறைப்பட்டாயாம். என் வீட்டுக்காரர் சொன்னார். ஏன் கிளம்பினேன் என்று சொல்கிறேன்.

பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆண்டாள் அத்தை வந்து நின்றாள். "உங்கம்மா போறதுக்கு மொதநாளு அந்த விரல்ல மாட்டுற மிஷினை நான்தான்டி மாட்டுனேன். உங்கக்கா உங்கப்பனைப் பார்த்துக்கினு இருந்துது. எம்பத்தாறு காட்டுச்சு" என்றாள்.

"ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சு அத்தை. அக்கா அப்படித்தானே சொல்லுச்சு?"

"யாரு சொன்னா இன்னா? நான் கண்ணால பார்த்தேன். எட்டும் ஆறும் எனக்குப் படிக்கத் தெரியாதா?"

அக்கா, 2021 மே பத்தொன்பதாம் தேதி பகல் பதினோரு மணிக்கு நான் உனக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொரோனா வந்து ஐந்தாவது நாள். "அப்பாவுக்கு பெட் கிடைச்சிடுச்சு, ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டேன். அம்மாவுக்குத் தொண்ணூத்தஞ்சு. கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்குது. நீ பயப்படாத" என்றாய். மறுநாள் சாயங்காலம் அம்மா இல்லை. "திடீர்னு இறங்கிடுச்சு" என்றாய். நீ நர்ஸ். நீ சொன்னால் அது அப்படித்தான் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் வேலை செய்பவர்களின் வீட்டாருக்காக ஆக்சிஜன் தரும் மிஷின் இரண்டு வாங்கி வைத்திருந்தார்கள். கரண்டில் ஓடுவது, சிலிண்டர் தேவையில்லை. அன்று அதில் ஒன்று சும்மா கிடந்தது. மேலாளர் கல்பனா மேடம் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்கு வேணுமா சுகன்யா?" என்று கேட்டார். உன்னிடம் பேசிவிட்டுத்தான் நான் வேண்டாம் என்றேன்.

வேண்டாம் என்று சொன்னது என் வாய். அந்த வார்த்தையை அதில் வைத்தது நீ.

அம்மாவின் எண் என்ன? அதை மட்டும் எழுது.

சுகன்யா


செலியமேடு
1 ஜூன் 2024

சுகன்யாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தடுப்பூசி நாள். படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதி இருந்த ஆறு குழந்தைகளுக்கும் ஊசி போட்டேன். ஒரு குழந்தையின் தாய், "இன்னா சிஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

ஆண்டாள் அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்து நாலு வருடம் ஆகிறது. அந்த மிஷினும் விரல் சில்லென்று இருந்தால் தப்பாகக் காட்டும். நகத்தில் மருதாணி இருந்தாலும் காட்டும்.

நீ அந்த மாதம் இங்கே இல்லை. நம் தெருவில் பதினாலு நாளில் மூன்று சாவு. மணவாளன் மாமா, டிராக்டர் ஓட்டும் அந்தோணிசாமி, அவர் தம்பி. மூன்று பேரும் ஆண்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கும் காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்துவிட்டு எழுந்து களை பறிக்கப் போனார்கள். எங்களுக்கு மேலிருந்து சொன்னதும் அதுதான். நோய் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் தொற்றுகிறது, ஆனால் முற்றிப்போவதும் சாவதும் ஆண்களிடம் அதிகம். பீடி, சாராயம் ஒரு காரணம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், கிருமியை எதிர்ப்பதில் பெண்ணின் உடம்பு கொஞ்சம் முந்திக்கொள்கிறது என்றார்கள். நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொன்னேன். "ஆம்பளைங்க ஜாக்கிரதையா இருங்க. மூச்சு வாங்கினா ஒளிக்காம வந்து சொல்லுங்க. இது ஆம்பளைங்களத்தான் அதிகமா கொண்டுபோவுது." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அப்பா நாற்பது வருடமாகப் பீடி பிடித்தவர். அன்று காலை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவரால் முடியவில்லை. அம்மா நடமாடிக்கொண்டிருந்தாள். அவளே அடுப்பு மூட்டினாள். இருந்தது ஒரு பெட். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்பாவைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

உன் கம்பெனியில் மிஷின் இருந்ததை நீ எனக்குச் சொன்னாயா? அந்தப் பத்து நாளில் ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்தாயா? கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றாய். சரி, வராதே என்றேன். இரண்டு பேரின் சளித் துணியையும் துவைத்தவள் நான். அம்மாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தபோது கையெழுத்துப் போட்டவளும் நான்தான். கல்யாணம் காட்சி இல்லாமல் நாற்பத்தொரு வயதில் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பவளும் நான். அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

அப்பாவிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசாதே. அவர் நெஞ்சு தாங்காது.

விஜயராணி


வில்லியனூர்
8 ஜூன் 2024

அக்கா,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட எண் மட்டும் அதில் இல்லை.

எங்கள் கம்பெனிக்கு வாரம் ஒருமுறை வரும் ஆதிலட்சுமி டாக்டரிடம் கேட்டேன். யாருடைய கதை என்று சொல்லவில்லை.

"டாக்டர், கொரோனா ஆம்பளைங்களுக்குத்தான் கடுமையா வருமாமே?"

"ஆமாம்மா. மொத்தமா எண்ணிப் பார்த்தா அப்படித்தான் இருந்தது."

"ஒரே வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வந்து, ஒரு பெட்டுதான் இருந்தா?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ ஆணா பெண்ணான்னு யாரும் பார்க்கக் கூடாது. யாருக்கு மூச்சு கம்மியா இருக்கோ அவங்களத்தான் அனுப்பணும். ஆயிரம் பேரை வச்சுச் சொன்னதை எடுத்து எதிர்ல இருக்கிற ஒருத்தர் மேல போட முடியாது. இன்னொண்ணு, தொண்ணூறுக்குக் கீழ இறங்கினப்புறமும் நிறைய பேர் நடந்தாங்க, பேசினாங்க, சமைச்சாங்க. அப்படி ஏமாத்தின நோய் அது. நர்சுங்க எல்லாருக்கும் இது தெரியும்."

நர்சுகள் எல்லோருக்கும் தெரியும் என்றார், அக்கா. அம்மா அடுப்பு மூட்டினாள் என்று நீ எனக்கு எழுதுகிறாய்.

நான் வாசல் வரை வரவில்லை. அது உண்மை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, நீயும் மன்னிக்க வேண்டாம். ஆனால் நான் வராதது ஊருக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யாரையும் ஏமாற்றவில்லை. நீ ஏமாற்றினாய். அந்த ஒரு எண்ணை நம்பி அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டார். நீ சொல்லாவிட்டால் நேரில் வந்து அவரையே கேட்பேன்.

சுகன்யா


செலியமேடு
19 ஜூன் 2024

சுகன்யா,

எண்பத்தாறு.

அப்பாவுக்குத் தொண்ணூற்றொன்று.

இந்த இரண்டு எண்ணையும் எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "சிஸ்டர், ஒரு ஆக்சிஜன் பெட் காலியாகியிருக்கு. உங்க ஏரியாவுல யாருக்குக் கம்மி? பேரும் ரீடிங்கும் சொல்லுங்க, வண்டி அனுப்பறோம்" என்றார்கள். நான் அம்மாவின் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ இதை நம்பாவிட்டாலும் எழுதுகிறேன். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"யார் பேர்டி சொல்லப் போற?"

"உனக்குத்தாம்மா கம்மியா இருக்குது. நீதான் போவணும்."

"நான் நல்லாத்தானே கீறேன்? அந்தாளைப் பாரு, பேச்சே வர்ல."

"நம்பரைப் பாரும்மா!"

"நம்பர் கெடக்குது. நீதானே மைக்குல சொன்ன, இது ஆம்பளைங்களத்தான் கொண்டுபோவுது, பொம்பளைங்க தாங்கிக்குவாங்கன்னு? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு உங்கப்பனுக்கு மட்டும் மாத்திச் சொல்றியா?"

பெண்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று நான் சொல்லவே இல்லை, சுகன்யா. ஆண்கள் ஜாக்கிரதை என்றுதான் சொன்னேன். மீதியைத் தெருவே சேர்த்துக்கொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்கள் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், இவரைப் பாருங்க" என்றார்கள். அப்போது கூட அது என் வார்த்தையின் மறுபாதி என்று எனக்கு உறைக்கவில்லை. அம்மா வாயில் கேட்டபோதுதான் உறைத்தது.

"உங்கப்பன் பேரைச் சொல்லு. இல்லன்னா நான் வண்டியில ஏற மாட்டேன். ரெண்டு பேரும் இங்கியே கெடக்கறோம்" என்றாள்.

அம்மா பிடிவாதம் பிடித்தாள், நான் என்ன செய்வேன் என்று இதோடு முடித்துவிடலாம். முடித்தால் எனக்கு நல்லது. ஆனால் அந்த மாதம் வர மாட்டேன் என்று மல்லுக்கு நின்ற எத்தனையோ பேரை அதட்டி வண்டியில் ஏற்றியவள் நான். அம்மாவை ஏன் அதட்டவில்லை? அவள் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் உண்மை. அம்மா எப்படியும் சமாளித்துவிடுவாள் என்று தோன்றியது. எதைத்தான் அவள் சமாளிக்கவில்லை?

இன்னும் ஒன்று இருக்கிறது. தொண்ணூற்றொன்று என்று சொன்னால் பெட் வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் அம்மாவின் எண்ணை அப்பாவின் பேரில் சொன்னேன். "இன்னாசிமுத்து, அறுபத்தி மூணு வயசு, எண்பத்தாறு." வண்டியில் ஏறியதுமே மாஸ்க் மாட்டிவிட்டார்கள். பிறகு யாரும் திரும்ப அளந்து பார்க்கவில்லை.

நீ பதினோரு மணிக்குப் போன் செய்தபோது அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லு. இல்லன்னா புள்ளைய இடுப்புல வச்சிக்கினு ஓடியாந்துடுவா" என்றாள். நான் சொன்னேன். நீ போனை வைத்ததும் அவள் சிரித்தாள்.

மறுநாள் சிலிண்டர் தேடி பாகூருக்குப் போனேன். அங்கிருந்து இன்னும் இரண்டு இடம். நாலு மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஆண்டாள் அத்தை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். உயிர் போன உடம்புக்கு விசிறுகிறோம் என்று அவளுக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை.

உன்னிடம் ஒரு மிஷின் கிடந்தது என்று நீ எழுதிய வரியை நான் தினமும் படிக்கிறேன்.

பெட்டுக்காகப் போன் வந்த நேரம் அப்பா அறையில் சுருண்டு கிடந்தார். அவருக்கு நினைவே இல்லை. இதை அவரிடம் கொண்டுபோகாதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ராணி


வில்லியனூர்
4 ஜூலை 2024

அக்கா,

நான் அப்பாவிடம் போகவில்லை. அவர்தான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி, மூச்சு வாங்க வாங்க வந்து வாசலில் நின்றார். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார் என்று நினைத்தேன். இல்லையாம். தண்ணீர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ராணி கடுதாசி எழுதிக்கினு அழுவுது. உனக்குத்தானே எழுதுது?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"அந்த எம்பத்தாறைப் பத்தித்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் முழிச்சிக்கினுதாம்மா இருந்தேன். உங்கம்மா போனைப் புடுங்குனது, நம்பரை என் பேர்ல சொன்னது, எல்லாம் காதுல வுழுந்துது."

அக்கா, அந்த நிமிடம் நானே அவருக்கு ஒரு வழி விட்டேன். "மூச்சு முட்டிப் பேச முடியாமப் போச்சாப்பா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் விட்டிருப்பேன்.

"பேச முடிஞ்சுது" என்றார்.

"அப்புறம் ஏம்ப்பா?"

"பயம்மா. மணவாளன் எப்படிப் போனான்னு கிட்ட இருந்து பார்த்தவன் நான். வரிசையா ஆம்பளைங்களா போய்க்கினு இருந்தானுங்க. அடுத்தது நான்தான்னு நெனைச்சேன். ஒரு வார்த்த பேசினா என்னை வுட்டுட்டு அவளை ஏத்திடுவீங்க. உங்கம்மா திரும்பி என்னைப் பார்த்தா. நான் முழிச்சிக்கினு இருக்கறதைப் பார்த்துட்டா. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினேன்."

அம்மாவுக்குத் தெரியும், அக்கா. அவர் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்று தெரிந்தே அவரை வண்டியில் ஏற்ற வைத்தாள், பிறகு உன்னிடம் தொண்ணூற்றைந்து என்று சொல்லச் சொன்னாள். நீ போனை வைத்ததும் சிரித்தாள் என்று எழுதியிருந்தாய். அது என்ன சிரிப்பு என்று நான் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அவரைத் திட்டவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை. அவராகவே எழுந்து போனார். மகள்தான் என் வீட்டுக்காரரோடு பஸ் ஸ்டாப் வரை கூடப் போனாள், தாத்தாவுக்கு டாட்டா காட்ட வேண்டுமாம்.

நீ எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் உனக்கும் ஒருவர் அதையே செய்திருக்கிறார் என்று தெரிந்தபின் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் மறைத்தால் நமக்குள் அது இன்னொரு பொய் ஆகிவிடும்.

சுகன்யா


செலியமேடு
12 ஜூலை 2024

சுகன்யா,

உன் கடிதத்தை நான் வேலை செய்யும் சுகாதார சப்-சென்டரின் மருந்து அறையில் நின்றுகொண்டே படித்தேன்.

மூன்று வருடமாக நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? இந்த மனிதருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்றுதானே உன்னிடம் பொய் சொன்னேன், ஆண்டாள் அத்தையைப் பார்த்தாலே பேச்சை மாற்றினேன், அந்த மாதம் ரீடிங் எழுதி வைத்த நோட்டை எரித்தேன்? தினமும் காலையில் அவருக்கு வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கச் சொல்கிறேன். இழுத்து உள்ளே விடும் மருந்தை வாங்கி வந்து, எப்படி இழுப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். நான் ராத்திரியில் அழுதால், "இன்னா ராணி, அம்மா நெனப்பா?" என்று கேட்பார். அப்படிக் கேட்டவருக்கு எல்லாம் தெரியும்.

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன். "இத்தனை வருஷம் நான் செத்துச் செத்துப் பொழைச்சிக்கினு இருந்தேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கலியேம்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பச் சாதாரணமாக, உப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

அவர் உயிருக்குப் பயந்தது எனக்குப் புரிகிறது. அந்த நாட்களில் எத்தனை ஆண்களின் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன். பயந்ததற்காக நான் யாரையும் வெறுக்க மாட்டேன். ஆனால் பிழைத்து வந்து, பாவத்தை முழுதும் என் தலையில் விட்டுவிட்டு, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே. அம்மாவைச் சாகவிட்ட அந்தப் பொய்யில் நாங்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் சோறு வடித்தேன். தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கக் கை வரவில்லை. ஆண்டாள் அத்தையிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். நேற்றும் அப்படித்தான். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது என்று தெரியவில்லை. எங்கே போவது என்றும் தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அதனால் கேட்கவில்லை.

ராணி


வில்லியனூர்
17 ஜூலை 2024

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். உன் துணிமணியை எடுத்து வை. இங்கிருந்து நீ வேலைக்குப் போய் வரலாம், என் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். எத்தனை நாள் என்று இப்போது முடிவு செய்ய வேண்டாம்.

மன்னித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உன்னிடம் போட வேண்டிய சண்டை இன்னும் நிறைய இருக்கிறது. அதைத் தபாலில் போட்டு முடியாது. நீ எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்பா என்ன செய்வார் என்றுதான் முதலில் கேட்பாய். அரிசி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. ஆக்கித் தின்னட்டும். அவருக்கு மூச்சு இருக்கிறது.

சுகன்யா